பதில் வராமல் கழி இறங்காது

இங்கே ஒருவர் கோல்ஃப் பந்தின் முன்னால் போய் நின்றுவிட்டால் போதும், சுற்றியிருக்கிறவர்கள் எல்லாரும் ஊமையாகிவிடுவார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதி வார்த்தையில் நிறுத்துவார்கள். மழைக்கோட்டின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தவர் இழுத்த இடத்திலேயே கையை வைத்துக்கொள்வார். என் தோழி பிரீடாவின் நாய்க்குக்கூட இந்த ஒழுங்கு தெரியும். குரைக்க வாயைத் திறந்துவிட்டு, பந்து போகும்வரை கொட்டாவி விடுவதுபோல் சமாளிக்கும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள இந்தச் சின்ன ஊருக்கு நர்ஸ் வேலைக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. மழை பழகிவிட்டது, வேகவைத்த உருளைக்கிழங்கு பழகிவிட்டது, இந்த அமைதி மட்டும் பழகவே இல்லை. நம் பக்கத்தில் முக்கியமான காரியம் என்றால் சத்தம் கூடும். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்டச் சொல்லி விரலை ஆட்டுவார்கள். கற்பூரம் காட்டும்போது மணி அடிப்பார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளையைக்கூடத் தெருவே சேர்ந்து கத்தித்தான் பஸ் ஏற்றும். இங்கே முக்கியமான காரியம் என்றால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்களையே பார்ப்பார்கள். எனக்கு முதுகு கூசும்.

இந்த அமைதிக்கு நடுவில் நான் கோல்ஃப் கிளப்பின் பெண்கள் பிரிவுக்கு லேடி கேப்டனாக நிற்க வேண்டி வந்த கதையைச் சொன்னால் எங்கள் ஜவ்வாது மலையில் யாரும் நம்ப மாட்டார்கள். பிரீடா எங்கள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கோல்ஃப் என்றால் கோட்டு சூட்டுக்காரர்களின் ஆட்டம் என்று நினைத்திருந்த என்னை, "வா, நடக்கத்தானே போகிறோம்" என்று இழுத்துப்போனவரும் அவர்தான். இங்கே அது அப்படியொன்றும் பெரிய இடத்து ஆட்டம் இல்லை. போஸ்ட்மேன் ஆடுகிறார், பள்ளிக்கூட டீச்சர் ஆடுகிறார், எங்கள் மைதானத்தின் ஓரத்தில் செம்மறி ஆடுகள் மேய்கின்றன. போன வருஷம் ஒரு மழை நாளில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "அடுத்த சீசனுக்கு லேடி கேப்டனாக இருப்பதைப் பற்றி நீ யோசிக்கலாம்" என்றார் பிரீடா. நான் மரியாதையாக "யோசிக்கிறேன்" என்றேன். நம் ஊரில் யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? பெண் பார்க்க வந்தவர்கள் அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். இங்கே அது முழுச் சம்மதமாம். உடனே 'சரி' என்று சொன்னால்தான் பதவிக்கு அலைகிறவள் என்று நினைப்பார்களாம். அடுத்த வாரம் போனால் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். மறுக்க வாயெடுத்தேன், சிரிப்புதான் வந்தது. உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

டிரைவ்-இன் என்கிற சடங்கை யாரும் நினைவுபடுத்தாதவரை அந்தச் சந்தோஷம் நீடித்தது. சீசன் தொடங்கும்போது, மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், புதுக் கேப்டன் முதல் டீயில் நின்று ஒரே ஒரு பந்தை அடிக்க வேண்டும். டீ என்பது பந்தை வைத்து ஆட்டத்தைத் தொடங்குகிற மேடு. கிளப் மொத்தமும் வந்து புல்வெளியின் இரண்டு பக்கமும் வரிசைகட்டி நிற்கும். பந்து எவ்வளவு தூரம் போகும் என்று ஆளுக்கொரு ஊகத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். சரியாகச் சொன்னவருக்கு ஒரு பரிசு உண்டு. கேப்டனுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அந்த ஒரு அடியை வருஷம் முழுக்கப் பேசுவார்கள். எங்கள் கிளப்பில் என் நிறத்தில் இருக்கிறவள் நான் ஒருத்திதான். பந்து காலடியிலேயே உருண்டு நின்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேரும் ஓடிவந்து அன்பாகத் தோளைத் தட்டுவார்கள். அந்த அன்பை நினைத்துத்தான் எனக்குப் பயம். விருந்தாளி தட்டை உடைத்துவிட்டால் பரவாயில்லை என்கிறோமே, அந்த மாதிரிப் 'பரவாயில்லை' எனக்கு வேண்டாம். அந்தப் பந்து போயே ஆக வேண்டும்.

அது போகுமா என்பதுதான் சந்தேகம். என் ஆட்டத்தில் ஒரு வியாதி இருக்கிறது. மட்டையைப் பின்னால் தூக்குவேன், தோளுக்கு மேலே கொண்டுபோவேன், அங்கே நின்றுவிடுவேன். ஒரு நொடி, சில நாள் அதற்கும் மேலே. அந்த நேரத்தில் கை இறுகிவிடும், இடுப்பு மறந்துவிடும், அப்புறம் மட்டை இறங்கி பந்தின் மண்டையைத் தட்டும், பந்து புல்லுக்குள் ஓடும். எங்கள் கிளப்பின் பயிற்சியாளர் டோனல் பொறுமையான மனுஷர். "மேலே என்ன இருக்கிறது, ராணி? யாருக்காகக் காத்திருக்கிறாய்?" என்று கேட்பார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வேன். குளிர்காலம் முழுக்க அவர் கொடுத்த வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்தேன். கண்ணாடி முன்னால் நின்று வெறும் கையை வீசினேன், தரைவிரிப்பில் பந்தை உருட்டி டம்ளருக்குள் தள்ளினேன், பழைய கையுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். ஜனவரி முடிந்து, மாலை வெளிச்சம் தினமும் கொஞ்சம் கூடுவதைப் பார்த்ததுமே மனசு குதித்தது. ஆனால் மைதானம் சேற்றில் மூழ்கிக் கிடந்தது. எனக்கோ மூன்று வாரம் லீவு, டிக்கெட் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. "ஊரில் மைதானம் இருக்கிறதா?" என்று டோனல் கேட்டார். "மலை இருக்கிறது" என்றேன். அவர் அதைப் பெரிய ரிசார்ட் என்று புரிந்துகொண்டு, "அதிர்ஷ்டக்காரி" என்றார். நான் திருத்தவில்லை.

முதல் அடிக்கான நீண்ட மட்டை ஒன்று, பந்தை உருட்டுவதற்கான சின்ன மட்டை ஒன்று, ஆரஞ்சு நிறப் பந்துகள் ஒரு பை. இரண்டு மட்டைகளையும் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் ஏறினேன். வளைவு வளைவாக ஏறுகிற பஸ்ஸில் அந்த மூட்டை ஒவ்வொரு திருப்பத்திலும் யார் தலையிலாவது இடித்தது. கண்டக்டர் புடவையை விலக்கி, உருண்டையான மட்டைத் தலையைப் பார்த்தார். "இன்னாம்மா இது, பாத்ரூம் கழுவுறதா?" என்றார். "பந்து அடிக்கிறதுங்க." "இத்த வெச்சா? இவ்ளோ தூரத்துலேர்ந்து பந்து எப்டி தெரியும்?" என்று மட்டையின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டே டிக்கெட்டைக் கிழித்தார். அவர் கேட்டதும் நியாயம்தான். எனக்கே சில நாள் தெரிவதில்லை.

அண்ணன் கோவிந்தன் சாமை அறுத்து முடித்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் தாள் மட்டும் குத்திட்டு நிற்கிற காலி நிலம், அதற்கு அப்பால் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் புளியமரங்கள். இதைவிட நல்ல பயிற்சி மைதானம் எங்கே கிடைக்கும்? கதிர் அடிக்கிற களத்தில், சாணி மெழுகிக் காய்ந்த தரையில், சின்ன மட்டையால் பந்தை உருட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு ஓட்டம். அயர்லாந்தில் இயந்திரம் வைத்து வெட்டி, உருளை ஓட்டிப் பராமரிக்கிற புல்தரையில்கூட அவ்வளவு நேராக ஓடியதில்லை. பந்து போய் டம்ளரில் 'டங்' என்று விழுந்தபோது அண்ணி குப்பு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "காப்பி குடிக்கிற டம்ளர எடுத்துக்கினு போய் இன்னா வெளையாட்டு உனக்கு?" என்றார். கோழிகள் மட்டும் பந்தை முட்டை என்று நினைத்துச் சுற்றிச் சுற்றி வந்தன.

மறுநாள் காலை நீண்ட மட்டையோடு சாமை நிலத்தில் இறங்கினேன். விஷயம் தெரிந்து பத்து வீட்டுச் சனமும் வந்துவிட்டது. வந்தவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்கிறீர்கள்? எனக்கு நேர் எதிரே. கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண் அல்லவா, பந்தைப் பிடிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்து ஆளுக்கொரு இடத்தில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். "அண்ணா, இது மண்டையில பட்டா மண்டை போயிடும். எல்லாரும் என் பின்னால வாங்க" என்று கெஞ்சிக் கூட்டிவந்தேன். வந்ததும் ஒரே பேச்சு. எனக்குள் இருந்த அயர்லாந்துக்காரி விழித்துக்கொண்டாள். "நான் அடிக்கிறப்ப யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது" என்றேன். மலைச்சனம் சொன்ன பேச்சைக் கேட்டது. ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. மட்டையைத் தூக்கினேன், தோளுக்கு மேலே கொண்டுபோனேன், நின்றேன், தட்டினேன். பந்து தாளுக்குள் நாலு முழம் ஓடிப் படுத்துக்கொண்டது. பிறகு அண்ணிதான், "சாவு வூட்ல கூட இவ்ளோ அமைதி இருக்காதே, அதான் பந்து பயந்துக்கினு படுத்துடுச்சி" என்றார். அன்று அடித்த பந்தெல்லாம் அதே இடத்தில்தான் படுத்தது. ராத்திரி சாமைச் சோற்றைப் பிசைந்துகொண்டே, டிரைவ்-இன்னுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நம் ஊர் அர்த்தத்தில் அல்ல, நிஜமாகவே யோசித்தேன்.

நான் போனது புளி அடிக்கிற மாதம். இரண்டு நாள் கழித்து ஓடைக்கு அந்தப் பக்கம் வேலை தொடங்கியது. கலசப்பாக்கத்து வியாபாரியின் வண்டி வருவதற்குள் அடித்துப் பொறுக்கி ஓடு உடைத்து வைக்க வேண்டும் என்பதால் நானும் போனேன். அண்ணன் மரத்தில் ஏறி, கவட்டையில் காலை ஊன்றிக்கொண்டு, நீண்ட கழியைத் தோளுக்கு மேலே தூக்கினார். தூக்கிய கழி அப்படியே நின்றது. மேலேயிருந்து, "வுடட்டுமா...?" என்று குரல் வந்தது. கீழே பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒதுங்கி முடித்து, ஒரே குரலாக, "வுடு!" என்றார்கள். கழி இறங்கியது. கிளை அதிர்ந்து பழம் பொலபொலவென்று கொட்டியது. மறுபடியும் கழி மேலே போனது, நின்றது. "வுடட்டுமா...?" "வுடு!"

கையில் இருந்த கூடையைக் கீழே போட்டுவிட்டேன். அண்ணனின் கழி நின்ற இடமும் என் மட்டை நிற்கிற இடமும் ஒன்றுதான். ஹாஸ்டலுக்குப் படிக்கப் போகிறவரை, எடை குறைவு என்பதால் நுனிக் கிளைக்கு என்னைத்தான் ஏற்றுவார்கள். எங்கள் மலையில் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கீழேயிருந்து பதில் வராமல் கழி இறங்கக் கூடாது, ஏனென்றால் கீழே இருப்பது நம் சனத்தின் தலை. பதில் வந்துவிட்டாலோ கழி இறங்கியே ஆக வேண்டும், ஏனென்றால் வேலையை விட்டு ஒதுங்கி நிற்கிறவர்களைக் காக்கவைக்கக் கூடாது. வருஷாவருஷம் அந்தக் கழியைத் தூக்கி, நிறுத்தி, பதிலுக்குக் காது கொடுத்த உடம்பு இது. அயர்லாந்தில் யாராவது பந்தை எங்கேயாவது அடித்துவிட்டால், எதிரே இருப்பவர்கள் ஒதுங்குவதற்காக "ஃபோர்!" என்று கத்துவார்கள். ஆனால் அது பந்து கிளம்பிய பிறகு. நாங்கள் அடிக்கும் முன்பே கேட்கிறவர்கள். "யாருக்காகக் காத்திருக்கிறாய்" என்று டோனல் கேட்டாரே, இவர்களுக்காகத்தான் காத்திருந்திருக்கிறேன்.

ஓட்டமாய் ஓடி மட்டையை எடுத்துவந்தேன். "அண்ணி, நான் வுடட்டுமான்னு கேட்டா வுடுன்னு சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க." அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மரம் எங்கடி?" "மரம் இல்ல அண்ணி, பந்து." மட்டையைத் தூக்கினேன், நிறுத்தினேன். "வுடட்டுமா?" அண்ணி புளியந்தோப்பே அதிரும்படி, "வுடு!" என்றார். எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை. மட்டையில் பந்து பட்டது கைக்கே தெரியவில்லை, வெண்ணெயில் கத்தி போனதுபோல் இருந்தது. ஆரஞ்சுப் பந்து ஓடையைத் தாண்டி, காலி நிலத்தின் மேலே போய், சின்னதாகி, காணாமலே போனது. அண்ணன் மரத்திலிருந்தே விசிலடித்தார். நான் குதித்தேன், கத்தினேன், அண்ணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு லீவு முடிகிறவரை தினமும் காலையில் திருவிழாதான். பால் ஊற்றப் போகிறவர், ஆடு ஓட்டுகிறவர், எல்லாரும் நிலத்து ஓரமாய் நின்று ஒரு 'வுடு' சொல்லிவிட்டுத்தான் போவார்கள். பந்து வலது பக்கம் போனால் "இன்னாம்மா இன்னிக்கி எங்க குரல் சரியில்லியா?" என்பார்கள்.

கிளம்புகிற முந்தின நாள்தான் எனக்கு உறைத்தது. அங்கே யார் சொல்வார்கள்? "அவுங்களயே சொல்ல சொல்லு, அவுங்களுக்கு இன்னா வாயி இல்லியா?" என்றார் அண்ணி. "அங்க அடிக்கிறப்ப பேசறது பெரிய தப்பு அண்ணி." "நீ தான கேப்டனு? அப்போ நீ சொன்னா கேக்க மாட்டாங்களா?" அண்ணன் வேறு வழி கண்டுபிடித்தார். எங்கள் பக்கத்தில் செல்போன் சிக்னல் கிடைப்பது ஓடைக்கு மேலே உள்ள பாறையில் மட்டும்தான். "அன்னிக்கி எல்லாரும் பாறை மேல ஏறிக்கிறோம். வீடியோல போடு. இங்கேர்ந்தே சொல்றோம், நீ அங்க அடி" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

திரும்பிவந்து பிரீடாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புளியமரம், கழி, கேள்வி, பதில், எல்லாம். 'வுடு' என்ற சொல்லையும் சொல்லிக்காட்டினேன். அவர் டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டு கேட்டார். "டீயில் நின்று யாரும் கத்துவதில்லையே, கண்ணே" என்றார். அப்புறம், "பார்க்கலாம்" என்றார். நம் ஊரில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிறு மழை இல்லை. கடல்காற்று அடித்தது, வெயில்கூட எட்டிப் பார்த்தது. இங்கே மதியம், மலையில் பொழுது சாய்கிற நேரம். டோனல் என் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் பாறை மேல் சனம் மொத்தமும் தெரிந்தது. அண்ணி பட்டுப்புடவை கட்டியிருந்தார். நான் கையசைத்தேன், அவர்களும் அசைத்தார்கள். பந்தை வைத்து நிமிர்வதற்குள் படம் உறைந்துபோனது. அண்ணி வாயைப் பாதி திறந்தபடி அசையாமல் நின்றார். போன் வேலை செய்யவில்லை என்று டோனல் உதட்டைப் பிதுக்கினார். கிளப் மொத்தமும் அடங்கியது. பிரீடாவின் நாயும் அடங்கியது.

மட்டையைத் தூக்கினேன். தோளுக்கு மேலே போய் நின்றது. வந்தது வரட்டும் என்று வாயைத் திறந்து கேட்டேன்: "வுடட்டுமா?"

அந்த மைதானத்தில் அதற்கு முன் அப்படி ஒரு சத்தம் எழுந்திருக்காது. யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். கை இறுகத் தொடங்கியது. பழைய வியாதி விரல் நுனியிலிருந்து ஏறுவது தெரிந்தது. அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி பேசிப் பழகிய அந்தக் கிழட்டுக் குரல், "வூ...டூ!" என்றது. பிரீடா. மட்டை இறங்கியது. பந்து கடல்காற்றைக் கிழித்துக்கொண்டு நட்டநடுப் புல்வெளியில் போய் விழுந்து, இன்னும் ஓடி, நின்றது. அப்புறம் பாருங்கள், அந்த ஊமைச் சனம் போட்ட கூச்சலை! தூரத்தை அளக்க நாடாவோடு ஓடினார்கள். எழுதிப்போட்ட சீட்டில் யாருமே அவ்வளவு தூரத்தை எழுதியிருக்கவில்லை; கிட்டத்தில் வந்த போஸ்ட்மேனுக்குப் பரிசு போனது. யாரும் என் தோளைத் தட்டி 'பரவாயில்லை' சொல்லவில்லை. நான் அழுதேன், சிரித்தேன், பிரீடாவின் கையை விடவே இல்லை.

கூட்டம் கலைந்து உள்ளே போகத் தொடங்கியபோதுதான் டோனலின் கையிலிருந்த போன் திடுக்கென்று உயிர்பெற்றது. பாறை மேல் இருந்த அத்தனை பேரின் குரலும் ஒன்றாய்க் கிளம்பி வந்தது: "வுடு!"

என் முன்னால் பந்து இல்லை. ஆனால் பதில் வந்துவிட்டது. ஒதுங்கி நிற்கிறார்கள். மார்ச் மாதப் பனி இறங்குகிற பாறையில், பட்டுப்புடவையோடு, நான் அடிப்பதற்காக ஒதுங்கி நிற்கிறார்கள். டோனலிடம் கையை நீட்டினேன். அவர் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் கையில் வைத்தார். எந்தக் கணக்கிலும் சேராத அந்த இரண்டாவது பந்தை, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி அடித்தேன். அது முதல் பந்தைத் தாண்டிப் போனது. மேட்டைத் தாண்டி, முள்புதரைத் தாண்டி, கடல் இருக்கும் பக்கமாய் இறங்கி மறைந்தது.

சீசன் தொடங்கி நன்றாக நடக்கிறது. முதல் பந்தை ஒரு கண்ணாடிப் பெட்டியில் என் பெயர் எழுதி கிளப்பில் வைத்திருக்கிறார்கள். ஆடப் போகும்போதெல்லாம் அந்த முள்புதர்ப் பக்கம் கொஞ்சம் நின்று, மட்டையால் விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். பாறை மேல் ஏறி அண்ணி கூப்பிடும்போதெல்லாம் முதலில் கேட்பது அதைத்தான்.

"அன்னிக்கி நாங்க சொன்னதுக்கு அடிச்சியே ஒண்ணு, அது எங்கடி போய் வுழுந்துச்சி?"

"தேடிக்கினே கீறேன் அண்ணி."